நிழலில் உலர்த்திய மண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு உடனே ஆள் தெரிந்துவிடும். சிமென்ட் லாரிகள் ஓயாமல் போகிற சாலை, இரண்டு பக்கமும் கரிசல் காடு, பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். இவ்வளவு போதும்.

நான் அங்கே போனது மண் எடுக்க. சிரிக்காதீர்கள், என் பிழைப்பே அதுதான். பதினோரு வருடம் விவசாயிகளின் மண்ணைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் தற்காலிக ஊழியராக இருந்தேன். பருத்திக்கு என்ன உரம், மக்காச்சோளத்துக்கு எவ்வளவு யூரியா என்று மண்ணைப் பார்த்துச் சொல்லும் இடம். அங்கே ஈர மண்ணோடு யாராவது வந்தால் நான்தான் திருப்பி அனுப்புவேன். "நெழல்ல ஒணத்தி, கட்டியெல்லாம் தட்டி, சலிச்சு எடுத்துட்டு வாங்க" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சலித்த மண்ணைத் தாளில் பரப்பி, நான்காகக் கீறி, எதிரெதிரான இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியைக் கலந்து, மறுபடி பரப்பி, மறுபடி கீறி, அரைக் கிலோ வரும்வரை செய்ய வேண்டும். நான் செய்தால் கோலம் போட்ட மாதிரி இருக்கும் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அதில் கர்வம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வேலை ஒருநாள் போனது. ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, திருச்சியில் ஒரு தனியார் லேபில் சேர்ந்தேன். ஆலைக் கழிவுநீர், பெட்ரோல் பங்குகளில் பூமிக்கடியில் புதைத்திருக்கும் எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றியுள்ள மண் இவற்றையெல்லாம் சோதித்து அறிக்கை தரும் இடம். எனக்கு மேசை வேலை. வருகிற சாம்பிளைப் பதிவேட்டில் எழுதி, லேபிள் ஒட்டி, உள்ளே அனுப்ப வேண்டும். வெளியே போய் மண் எடுப்பதற்கென்று அனுபவமுள்ள ஓர் அண்ணன் இருந்தார். அந்த வாரம் அவருடைய மாமனார் தவறிவிட்டார். பங்க் வேலையைத் தள்ளிப்போட முடியவில்லை. என்னை அனுப்பினார்கள்.

கிளம்புமுன் அண்ணன் துக்க வீட்டிலிருந்தே போன் செய்தார். "பாட்டில்ல நெறைய ரொப்பி, ஒடனே மூடி, ஐஸ்ல வச்சிடும்மா. அன்னிக்கே லேபுக்கு வந்துடணும். அவ்ளோதான்."

"மண்ணைப் பத்தி எனக்குச் சொல்லணுமாண்ணே? நீங்க காரியத்தைப் பாருங்க" என்றேன். பின்னால் எத்தனை பேர் சத்தம் அங்கே. அவரும் அதற்கு மேல் பேசவில்லை.

எதற்காக இந்தச் சோதனை என்று சொல்லிவிடுகிறேன். பங்குக்குப் பின்னால் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு, இரண்டு பசு மாடு, ஒரு கிணறு. அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. மகன் சிமென்ட் ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மகள் பேறுகாலத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்து, குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அந்த அம்மா சொல்ல ஆரம்பித்திருக்கிறார். யாரும் நம்பவில்லை. மகன் ஒரு கேனில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் டவுனில் சோதித்திருக்கிறார். உப்பு பார்த்தார்கள், கடினத்தன்மை பார்த்தார்கள், பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சோதனையில் பெட்ரோலுக்கு இடமே கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த அம்மா விடவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாளில் போய் மனுக் கொடுத்தார், ஒன்றுக்கு மூன்று தடவை. முன்பு ஒரு காலத்தில் லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று பங்க் முதலாளி கேட்டு, அவர் தர மறுத்திருக்கிறார். அந்தப் பகையில்தான் பங்கை மூட வைக்கப் பார்க்கிறார் என்று ஊரே பேசியது. பங்க் முதலாளி மோசமானவர் அல்ல. சோதனைக்கு ஏற்பாடு செய்ததே அவர்தான். "எங்க மேல தப்புன்னா நான் சரி பண்ணிடறேம்மா. இல்லன்னா அந்தம்மா இத்தோட விட்டுடணும். நானும் ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்கணும்ல?" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

தொட்டியைச் சுற்றி மூன்று இடத்தில் மண் எடுத்தோம். கையால் திருகித் திருகி இறக்கும் துளைக்கருவி. மோட்டார் வைத்தால் தீப்பொறி பறக்கும் என்று பயம். என்னோடு வந்த இரண்டு ஆட்களும் மாறி மாறித் திருக, கரிசல் மண் கருவியோடு ஒட்டிக்கொண்டு களி மாதிரி வந்தது. முதல் இரண்டு குழியில் ஒன்றுமில்லை. மூன்றாவது குழி, பெட்ரோல் போடும் மெஷினுக்குப் போகிற குழாயின் பக்கம். ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியதும் குப்பென்று வந்தது. திருகிக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாடை தூக்குதும்மா. எழுதிக்குங்க" என்றார்.

களத்தில் நிரப்பும் படிவத்தில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. நிறம், வாடை, பக்கத்தில் குடியிருப்பவர்கள் சொல்வது, எதை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். நான் பேனாவை எடுக்கவில்லை. "மூக்கால அளந்தா யாருண்ணே ஒத்துக்குவாங்க? எல்லாம் லேப்ல மெஷின் சொல்லும்" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி அந்த அம்மா காலையிலிருந்து நின்றிருந்தார். அப்போதுதான் கேட்டார். "உங்களுக்கும் அடிக்குதுல்ல?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். அவர் முகம் தெளிந்துவிட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனிமேல்தான் என் சாமர்த்தியம். லேபில் கொடுத்தனுப்பிய கண்ணாடி பாட்டில்கள் பளபளவென்று இருந்தன. அதில் இந்த ஈரக் களியைத் திணிக்க எனக்கு மனசே வரவில்லை. கட்டியும் சொதசொதப்புமாக லேபில் கொண்டுபோய் வைத்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மண்ணைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கட்டினேன். "பாட்டில்ல போடலீங்களா?" என்று ஆட்களில் ஒருவர் கேட்டார். "இந்தக் கோலத்துல குடுத்தா அசிங்கம்ணே. நான் பக்குவம் பண்ணிக் கொண்டாறேன்" என்றேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயில் திறந்திருக்கும், போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவர்களுக்கு அவசரம். என்னைக் குரும்பலூரில் என் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனார்கள்.

மாடியறையில் மூன்று செய்தித்தாள் விரித்தேன். மூன்று மண்ணையும் தனித்தனியாக, மெல்லிசாகப் பரப்பினேன். தை மாதத்து ஈரம் சீக்கிரம் காயாதே என்று மின்விசிறியையும் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் வாடை. என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் நேரே ஸ்கூட்டரைக் குனிந்து பார்த்தார். டியூபை இழுத்துப் பார்த்தார், மூடியை முகர்ந்து பார்த்தார்.

"பெட்ரோல் ஒழுகுது போலருக்கே?"

"வண்டியில இல்லீங்க. மாடியில மண்ணு காயுது. காய்ஞ்சா போயிடும்" என்றேன்.

என் வாயால் சொன்னேன். காய்ஞ்சா போயிடும். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தேன்.

சனிக்கிழமை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுத்தமாகப் போய்விட்டது. எனக்கு நிம்மதி. மரச் சுத்தியலால் பதமாகத் தட்டி, சலித்து, நான்காகக் கீறி ஒதுக்கி, பாட்டிலில் நிரப்பி, லேபிளில் முத்து முத்தாக எழுதினேன். திங்கட்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனேன். மெஷின் அறைத் தம்பி புதிதாகச் சேர்ந்தவர். பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இவ்ளோ நீட்டா நான் சாம்பிள் பாத்ததே இல்லக்கா" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

பத்து நாளில் அறிக்கை வந்தது. மூன்று குழிக்கும் ஒரே வார்த்தை. கண்டறியப்படவில்லை.

அந்த வாடை என்ன ஆயிற்று என்று எனக்குக் கேள்வி வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது. மெஷினுக்குத் தெரியாததா, என் மூக்குக்கு என்ன தெரியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படிவத்திலும் நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, கேட்பதற்கு அங்கே யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.

மாசி மாதக் கடைசியில், அறிக்கையின் முத்திரையிட்ட பிரதி இன்னும் இரண்டு வேண்டும் என்று பங்க் முதலாளி கேட்டார். நான் அந்தப் பக்கத்துக்காரி என்பதால் என்னிடமே கொடுத்தனுப்பினார்கள். போய் இறங்கினால், பங்க் ஆபீஸ் கண்ணாடியில் அறிக்கையை ஒட்டி வைத்திருந்தார். பெட்ரோல் போட நிற்கிறவர்கள் எல்லாரும் படிக்கிற உயரத்தில். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பெரிய பாரம் எறங்குச்சும்மா" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பின்பக்க வேலியோரம் போய் நின்றேன். "மண்ணு எடுத்த அம்மாதானே?" என்று அந்த அம்மாவின் குரல் வந்தது.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. வேலியில் ஆள் நுழைகிற சந்து இருந்தது, அதைக் காட்டி, "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். போனேன். கிணற்றடியில் துவைகல்லுக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்து, நீட்டிய கால்களில் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குள்ள மூணு தெரு தாண்டிப் போயி கொழாயில தண்ணி புடிச்சுத் தூக்கிட்டு வந்துட்டிருந்தேம்மா, புள்ளைக்காவ" என்று அந்த அம்மா சொன்னார். "காயிதம் வந்ததுக்கப்பறம் அதுவும் முடியல. பொய்யைக் காப்பாத்தறதுக்குக் கொடம் தூக்குறா பாருங்கிறாங்க. எம் மவனே, 'மெஷினே சொல்லிடுச்சு, இனிமே மானத்தை வாங்காத'ன்னுட்டான். கெணத்துத் தண்ணியவே பொழங்குறோம்."

சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. என் மூக்குதான் சரியில்ல. அன்னிக்கு உங்களுக்கும் அடிச்சுதே? தலையாட்டுனீங்களே? உங்க மூக்குமா சரியில்ல?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போதும் அடிக்கிறதா என்று கேட்டேன்.

"தண்ணியில அடிக்குது. நனைச்ச துணியில அடிக்குது. துணி காய்ஞ்சா போயிடுதும்மா" என்றார்.

காய்ஞ்சா போயிடும்.

கொடியில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. என் மாடியறை கண்ணுக்கு முன்னால் வந்தது. மூன்று செய்தித்தாள், மேலே சுற்றுகிற மின்விசிறி, கீழே ஸ்கூட்டரைக் குனிந்து பார்க்கிற என் கணவர். மண்ணில் இருந்த பெட்ரோலை இரண்டு நாள் உட்கார்ந்து நானே காற்றில் பறக்கவிட்டிருக்கிறேன். உரச் சத்து காய்ந்தாலும் மண்ணிலேயே இருக்கும். பெட்ரோல் இருக்குமா? ஒரு சொட்டு தரையில் சிந்தினால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பதினோரு வருடம் மண்ணோடு இருந்த எனக்குத் தோன்றவில்லை. கை பழகிய வேலையில் புத்தி அசந்துபோயிருந்தது.

மகளிடம் போய், "இந்தத் தண்ணி வேணாம்மா. நிறுத்திடுங்க" என்றேன்.

அந்தப் பெண் கையில் சொம்போடு நிமிர்ந்து பார்த்தாள். "அறிக்கையில ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கே?"

"அது தப்பா இருக்கலாம். நான் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் வேணாம்" என்றேன்.

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்பதைச் சொல்லவே கூசுகிறது. ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தது ஞாபகம் வந்தது. இதைச் சொன்னால் இந்த வேலையும் போகும், இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள் என்று தோன்றியது. மண் காய்ந்தது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். வேறு ஏதாவது காரணம் சொல்லி மறு சோதனைக்கு ஏற்பாடு செய்துவிடலாமா என்று குரும்பலூர் வரும்வரை கணக்குப் போட்டேன். அப்படிச் செய்தால் முதல் அறிக்கை பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மா ஒரு மாதமாகப் பட்ட அவமானமும் அப்படியே நிற்கும்.

மறுநாள் காலை லேப் மேடம் அறைக்குப் போய் நின்றேன். அந்த லேபை நடத்துகிறவர் அவர்தான். ஒன்றையும் மறைக்காமல், மின்விசிறி போட்டதுவரை சொன்னேன். அவர் எழுந்துபோய், எடுத்து வைத்திருந்த பாட்டிலைக் கொண்டுவந்தார். சோதித்த சாம்பிளில் மீதியைக் கொஞ்ச நாள் வைத்திருப்பது வழக்கம். மூடியைத் திறந்து ஒரு தாளில் கொட்டினார். பொலபொலவென்று விழுந்தது.

"இது மண்ணு இல்லம்மா. மாவு" என்றார்.

நான் அழுதுவிட்டேன்.

"அழுது என்ன ஆவப்போவுது? உள்ள வாங்கி வச்சவங்களும் பாக்கல. கையெழுத்துப் போட்ட நானும் பாக்கல." போனை என் பக்கம் நகர்த்தினார். "பங்குக்காரருக்கு நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அறிக்கை செல்லாது, மறுபடி மண் எடுக்க வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்ன பிறகு, "அப்ப அந்தம்மா சொன்னது?" என்று கேட்டார்.

"நெசமா இருக்கும்னு தோணுது சார்."

"நான் கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கேனேம்மா" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி போனோம். இந்தத் தடவை அண்ணனும் வந்தார், கிணற்றுத் தண்ணீர் எடுக்கவும் பாட்டில் கொண்டுவந்தார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாவது குழியில் கருவி மேலே வந்த அதே நொடியில், ஈரக் களியை அப்படியே பாட்டிலில் அடைத்து, காற்றுக்கு இடமில்லாமல் ரொப்பி, மூடி இறுக்கி, ஐஸில் வைத்தேன். பாட்டிலின் வெளிப்பக்கமெல்லாம் சேறு. பார்க்க அசிங்கமாக இருந்தது. அன்றைக்கே திருச்சிக்குக் கொண்டுபோய், மெஷின் அறை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மண்ணிலும் இருந்தது, தண்ணீரிலும் இருந்தது. அறிக்கை கைக்கு வருமுன்பே, மேடம் போனில் சொன்ன அன்றே முதலாளி பெட்ரோல் போடும் அந்த மெஷினை நிறுத்திவிட்டார். தோண்டிப் பார்த்ததில் தொட்டியில் பழுதில்லை. மெஷினுக்கு அடியில் குழாய் சேருகிற மூட்டில் கசிவு. அந்த இடத்து மண்ணையெல்லாம் எடுத்து அப்புறப்படுத்தினார்கள். கிணற்றுக்கு மூடி போட்டார்கள். அந்த வீட்டுக்கு ஊர்க் குழாயிலிருந்து தனி இணைப்பு வர முதலாளியே அலைந்து வாங்கிக் கொடுத்தார். கண்ணாடியில் இருந்த பழைய தாளைத் தன் கையால் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதை ஒட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மேடம் எனக்கு மெமோ கொடுத்தார். வேலையை விட்டு எடுக்கவில்லை. குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். நான் போன் செய்து கேட்டபோது அந்தப் பெண் சொன்னாள். அதைக் கேட்டபோது வந்த அழுகை முதலில் வந்ததைவிடப் பெரிது.

ஆனால் அந்த அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிய அறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அவர் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணைக் காயவைத்தது நான், அறிக்கை பொய்யானது என்னால், உங்களை ஊர் ஏசியது என்னால். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மகள் படித்தாள். எழுத்தும் எண்ணுமாக வரிசை வரிசையாக வந்தது. முழுவதும் கேட்டுவிட்டு அந்த அம்மா கேட்டார்.

"இதுல நான் சொன்னது நெசம்னு எங்க இருக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. மண்ணில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு என்று இருந்தது. ஒரு பெண் மூன்று தடவை மனுக் கொடுத்தாள், அவள் சொன்னது உண்மை என்று எழுதுவதற்கு எங்கள் அறிக்கையில் இடம் கிடையாது.

"அதெல்லாம் இதுல எழுத மாட்டாங்கக்கா" என்றேன்.

"நீங்க எழுதித் தருவீங்களா?"

குழந்தையின் தடுப்பூசி நோட்டுக்குப் பக்கத்தில் கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தது. மகள் அதிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தந்தாள். கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன். என்னுடைய முத்து முத்தான எழுத்து அன்றைக்குக் கோணிக்கொண்டு போனது.

'தை மாதம் இந்த பங்கில் முதல் தடவை மண் எடுத்தவள் நான். மூன்றாவது குழியில் பெட்ரோல் வாடை அடித்தது. நானும் முகர்ந்தேன். இந்த அம்மா கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் எழுதவில்லை. மண்ணை உலர்த்திக் கெடுத்தது என் தவறு. இவர் ஆரம்பத்திலிருந்து சொன்னது உண்மை.'

கீழே என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகள் உரக்கப் படித்தாள். அந்த அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். லாரிகளின் இரைச்சலில் இரண்டாவது தடவை பாதி கேட்கவில்லை. ஆனாலும் கடைசி வரிக்குத் தலையை ஆட்டினார். பிறகு தாளை நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த உறைக்குள் செருகினார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. டீ போட்டுக் கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது வேலிவரைக்கும் வந்தார்.

"அன்னிக்குத் தலையாட்டுனீங்கல்ல, அதை எழுதியிருந்தாலே போதும்மா" என்றார்.

மெமோவைவிட அதுதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் அது உண்மை. நான் மண்ணை உலர்த்தியது அறியாமை என்று வைத்துக்கொண்டாலும், பேனாவை எடுக்காமல் விட்டது அறியாமை இல்லை. அந்தக் கட்டத்தில் 'வாடை உள்ளது' என்று இரண்டே வார்த்தை இருந்திருந்தால், அறிக்கையைப் பார்த்த யாராவது ஒருவர், இது என்ன முரண் என்று கேட்டிருப்பார். ஒரு குடும்பம் ஒரு மாதம் அந்தத் தண்ணீரைப் புழங்கியிருக்காது.

இப்போது வெளி வேலைக்கு நானும் போகிறேன். எந்த இடத்துக்குப் போனாலும், குழி போடுவதற்கு முன்பே பக்கத்தில் குடியிருக்கிறவர்களிடம் போய் நின்று கேட்கிறேன். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே அந்தக் கட்டத்தில் எழுதுகிறேன். இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதுவேன். லேபில் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஒருத்தி வாய் வலிக்கச் சொன்ன உண்மையை என் வீட்டு மின்விசிறிக் காற்றில் பறக்கவிட்டவள் நான் என்பதை, அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்கும் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.